மருதமுனையில் ஒரு நிக்காஹ்வும் நவமணி அக்காவின் கைகளும்

கடந்த ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் கல்முனைக்குப் போய் வந்தேன். கடல் பார்க்கவா என்று பதுளையில் எல்லோரும் கேட்டார்கள். கடலும் பார்த்தேன்தான், ஆனால் போனது ஒரு கேள்வியோடு. எங்கள் தேவாலயத்துப் பெண்கள் ஐக்கியத்தில் அடுத்த மாதம் நான் பேச வேண்டியிருந்தது. தலைப்பு, வரங்கள். கடவுள் தம்முடைய கிருபையால் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்றைக் கொடுக்கிறார், அது பிறருக்குப் பணி செய்யத்தான் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். அந்த வரங்களில் ஒன்று மட்டும் எனக்கு எப்போதும் புதிராக இருந்தது. போதிக்கிற வரம் விளங்குகிறது. குணமாக்கும் வரம், கொடுக்கிற வரம் எல்லாம் விளங்குகின்றன. பாஷைகளுக்கு அர்த்தம் சொல்லும் வரம் என்று ஒன்று வருகிறதே, அது எப்படி இருக்கும்? எங்கள் சபையில் அப்படி ஒருவரையும் நான் கண்டதில்லை.

இதை என்னோடு படிப்பிக்கிற ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. "அத தெரிஞ்சுக்கணும்னா கல்முனைப் பக்கம் நவமணி அக்கான்னு ஒருத்தங்க இருக்காங்க, போய்ப் பாரு. ரெண்டு நாள் அவங்க கூட இருந்தா போதும்" என்று சொல்லித் தொலைபேசி இலக்கத்தையும் தந்தாள். அவளும் நவமணி அக்காவும் ஆசிரியப் பயிற்சியின்போது ஒரே விடுதியில் இருந்தவர்களாம்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு பதுளையில் பஸ் ஏறினேன். லுணுகலை, பிபிலை வழியாக அம்பாறை. அங்கே இறங்கி கல்முனை பஸ். மொத்தம் ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீற்றர், இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பிபிலைக்குப் பிறகு வெயில் வேறு மாதிரி. சம்மாந்துறை தாண்டியதும் இரண்டு பக்கமும் விளைந்த வயல். மாவடிப்பள்ளிப் பாலத்தடியில் பஸ் கொஞ்சம் மெதுவாகப் போனபோது அறுவடை இயந்திரத்தின் பின்னால் கொக்குகள் வரிசையாக நடந்ததைப் பார்த்தேன். பிறகு காரைதீவுச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் கடற்கரை வீதி. அங்கிருந்து ஒரு கோயில், ஒரு பள்ளிவாசல், ஒரு சிலுவை என்று ஊர்கள் மாறி மாறி வருகின்றன. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பது கடைப் பலகையைப் படித்தால்தான் தெரியும்.

கல்முனையில் நான் இறங்கியது ஜும்ஆ நேரம். பாதிக் கடைகள் பூட்டியிருந்தன, ஓட்டோத் தரிப்பிடத்தில் வண்டிகள் நின்றன, ஆட்கள் இல்லை. ஒரு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு காத்திருந்தேன். தொழுகை முடிந்து வந்த ஒரு சாரதியிடம் பாண்டிருப்பு போக வேண்டும் என்றேன்.

"பாண்டிருப்புல ஆர்ட ஊடு?"

"நவமணி என்று ஒரு டீச்சர்."

"கையால கதைக்கிற டீச்சரா? ஏறுங்க. எங்கட ராத்தாட மகன் அவக்கிட்டத்தான் போறான்" என்று தன் அக்கா மகனைப் பற்றிச் சொன்னார். வழி கேட்கத் தேவையே இருக்கவில்லை. இருநூற்றைம்பது ரூபாய் கேட்டார், கொடுத்தேன். இறங்கும்போது, "டீச்சருக்கு நான் சலாம் சொன்ன எண்டு சொல்லுங்க" என்றார்.

நவமணி அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆரம்பப் பள்ளியில் கணக்குப் படிப்பிக்கிறார், கணவர் கட்டாரில் சாரதி. நன்றாக உயர்ந்த பெண்மணி. பேசும்போது கைகள் சும்மா இருப்பதில்லை. தேநீர் தரும்போதுகூடக் கை பாதி சொல்லிவிடும், வாய் மீதியைச் சொல்லும். அவருடைய தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சிறுவயதில் அவரை மட்டக்களப்பில் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் விடுதிப் பள்ளியில் சேர்த்தபோது அழுகையை நிறுத்தவில்லையாம். அதனால் அக்காவையும் அங்கே தங்கவைத்திருக்கிறார்கள். அங்கேதான் சைகை மொழி படிந்தது.

"எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டேன்.

"தம்பியோட சண்டை பிடிக்கத்தான்" என்றார். "அவன் என்னை ஏசுவான், எனக்கு விளங்காது. திருப்பி ஏசணும் எண்டு படிச்ச."

அந்தத் தம்பி இப்போது மட்டக்களப்பில் தையல்கடை வைத்திருக்கிறார். இன்றும் வீடியோ அழைப்பில் சண்டைதானாம்.

சண்டைக்குக் கற்ற மொழி எப்படிப் பணியானது என்பதையும் கேட்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு நாள் தன் காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில், ஒரு முஸ்லிம் தாய் ஏழு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாராம். பிள்ளைக்குக் காது கேட்காது. எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. நவமணி அக்கா போய் முன்னால் குந்தி, கையால் கேட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை ஒரு சைகையும் அறியாது. ஆனாலும் ஒருவர் தன்னிடம் கேட்கிறார் என்பது விளங்கியிருக்கிறது. அவருடைய கையைப் பிடித்துத் தன் வயிற்றின் வலப்பக்கம் வைத்ததாம். அடுத்த வாரமே உம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த ஒரு பிள்ளையில் தொடங்கிய வகுப்பு இப்போது பதினொரு பிள்ளைகள் வரை வந்திருக்கிறது. மருதமுனை, சாய்ந்தமருது, பாண்டிருப்பு, காரைதீவு எல்லா இடத்திலிருந்தும் வருகிறார்கள். காசு வாங்குவதில்லை.

"அந்த முதல் பிள்ளைக்கு நாளைக்கு நிக்காஹ். நீங்களும் வாங்க" என்றார். "மௌலவி பொண்ணுட்டச் சம்மதம் கேப்பார். அதக் கையால கேட்டுச் சொல்ல நான் போகணும்."

இப்படித்தான் நான் மருதமுனையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனேன்.

பெண்ணின் பெயர் பர்ஹானா. இருபத்துநான்கு வயது. வீட்டோடு இருக்கும் கொட்டகையில் இரண்டு தறிகள், அதில் ஒன்று அவளுடையது. அவள் நெய்கிற சேலைகளுக்குக் கொழும்பிலிருந்து முன்கூட்டியே சொல்லிவைக்கிறார்கள். வாப்பா ஆதம்பாவா அமைதியான மனிதர். எல்லாவற்றையும் முன்னின்று நடத்தியவர் அவருடைய தம்பி, ஹனீபா ஹாஜியார். ஊரில் பெரிய புடவைக்கடை அவருடையது. நவமணி அக்காவின் வகுப்பு நடந்ததும் அந்தக் கடையின் மேல்மாடி அறையில்தான். வாடகை வாங்காமல் கொடுத்திருந்தார். எங்களை வாசலுக்கே வந்து கூட்டிப்போய், "டீச்சர் இல்லாட்டி எங்கட புள்ளைக்கு இந்த நாள் வந்திரிக்காது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

மாப்பிள்ளை ரிஸ்வானுக்குக் காது கேட்கும். மதிய லுஹர் தொழுகை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பின்பக்கம் பெரிய கிடாரங்களில் புரியாணி தயாராக இருந்தது. ஆண்கள் வெளிப்பந்தலில். நாங்கள் உள்ளறையில், பர்ஹானாவின் பக்கத்தில்.

மௌலவி இளவயதுக்காரர். இரண்டு சாட்சிகளோடும் வாப்பாவோடும் ஹாஜியாரோடும் அறை வாசலில் வந்து நின்று, பார்வையைத் தாழ்த்திக்கொண்டு நவமணி அக்காவிடம் சொன்னார்: "டீச்சர், நான் கேக்கிறத அப்படியே கேளுங்க. அவங்க சொல்றத அப்படியே சொல்லுங்க. நடுவுல நீங்க ஒண்டும் வெக்காதீங்க."

"ஓம் மௌலவி."

அவர் மாப்பிள்ளையின் பெயரையும் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹரையும் சொல்லி, இந்த நிக்காஹ்வுக்குச் சம்மதமா என்று கேட்டார். நவமணி அக்காவின் கைகள் அசைந்தன. பர்ஹானா கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கைகளைத் தூக்கினாள். அது சின்னதாக ஒரு ஓம் அல்ல என்பது எனக்கே தெரிந்தது.

"கலியாணம் முடிஞ்சா நான் எங்க இரிக்கிற எண்டு கேக்கா" என்றார் நவமணி அக்கா.

வாப்பா நிலத்தைப் பார்த்தார். ஹாஜியார் சிரித்துக்கொண்டு, "இஞ்சதான் எண்டு சொல்லுங்க" என்றார்.

நவமணி அக்கா கையால் சொன்னார். நமக்கும் விளங்கட்டும் என்று வாயாலும் சொன்னார்: "உங்கட சாச்சா, இஞ்சதான் எண்டு சொல்றார்."

பர்ஹானாவின் கைகள் இப்போது வேகமாகப் போயின. நவமணி அக்கா ஒரு சொல் பின்னால் வந்துகொண்டிருந்தார். "போன கிழம மாப்பிள்ளட உம்மாவும் ராத்தாவும் வந்தாங்க. நான் அவங்கட வாயப் பாத்தன். குருநாகல், குருநாகல் எண்டு கதைச்சாங்க. என்ட தறிய வித்துப்போடலாம் எண்டும் சொன்னாங்க. எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல."

பிறகுதான் எனக்கு முழு விடயமும் தெரியவந்தது. இந்தக் கரையில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அது இங்கே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம். ஆனால் ரிஸ்வானின் நானாவுக்கு (அண்ணனுக்கு) குருநாகலில் கடை இருந்தது, கூட ஆள் வேண்டியிருந்தது. பெண்ணையும் அங்கே கூட்டிப்போவது என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். சொன்னால் மறுப்பாள் என்று அவளிடம் சொல்லவில்லை.

ஹாஜியாரின் சிரிப்பு போய்விட்டது. குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், சனமெல்லாம் வந்திரிக்கி. அவ ஓம் எண்டு சொன்ன எண்டு சொல்லிட்டு உடுங்க. மத்ததெல்லாம் மறுகா பாத்துக்கலாம்."

அந்த அறையில் பர்ஹானாவின் மொழி முழுமையாகத் தெரிந்தவர் நவமணி அக்கா ஒருவர்தான். உம்மாவுக்கே பாதிதான் விளங்கும். அக்கா ஒரு சொல் மாற்றிச் சொல்லியிருந்தால் அதை அறிய அங்கே ஆளில்லை. ஒரு கணம் அவருடைய கைகள் மடியில் கிடந்தன. நான் மனதுக்குள் ஜெபித்தேனா என்று கேட்டால், இல்லை. இவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பர்ஹானாவின் பக்கம் திரும்பினார். ஹாஜியார் சொன்ன அந்த வசனத்தையே கையால் சொல்லத் தொடங்கினார். சனம் வந்திருப்பது, ஓம் என்று சொல்லிவிடச் சொன்னது, மற்றதைப் பிறகு பார்ப்பது, எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல்.

"என்ன டீச்சர் சொல்றீங்க அவக்கிட்ட?" என்றார் ஹாஜியார்.

"நீங்க சொன்னதத்தான் ஹாஜியார். இந்த அறையில கதைக்கிறது எல்லாம் அவக்கும் கேக்கணும்."

பர்ஹானா சாச்சாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. ஹாஜியார் பின்னால் நகர்ந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். மௌலவி மட்டும் அமைதியாகச் சொன்னார், "புள்ளைட பதில் வராம நிக்காஹ் நடக்காது. மாப்பிள்ளைய வரச் சொல்லுங்க."

வாசல் திரைச்சேலையை இழுத்துவிட்டார்கள், ரிஸ்வான் வந்து அதற்கு வெளியே நின்றார். மௌலவி கேட்டதும், ஓம், குருநாகல் போவதாகத்தான் இருந்தது, அவளுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன் என்றார். பொய்யாகத் தெரியவில்லை. நவமணி அக்கா அதைச் சொன்னதும் பர்ஹானா கேட்டாள், அக்கா அதற்குக் குரல் கொடுத்தார்: "குருநாகல்ல என்னோட ஆர் கதைப்பாங்க?"

"நான் கதைப்பன்" என்றார் ரிஸ்வான்.

பர்ஹானா எழுந்து போய்த் திரையை ஒரு பக்கம் ஒதுக்கினாள். அறையில் பெண்கள் திகைத்துப் போனார்கள், மௌலவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் ரிஸ்வானின் முன்னால் நின்று ஒரு சிறிய சைகை செய்தாள்.

"அப்ப கதைங்க எண்டு சொல்றா" என்றார் நவமணி அக்கா.

அந்தப் பொடியன் கைகளைத் தூக்கினார். தூக்கிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். பிறகு இறக்கிவிட்டு, "எனக்குத் தெரியா" என்றார். அதையும் நவமணி அக்கா அவளுக்குச் சொன்னார், தேவை இருக்கவில்லை என்றாலும்.

ரிஸ்வான் நானாவோடு தொலைபேசியில் கதைக்க வெளியே போனார். அதற்குப் பிறகு நீண்ட நேரம் காத்திருந்தோம். வெளியே மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சத்தமாகக் கதைப்பது கேட்டது. உள்ளே உம்மா மகளின் கையைப் பிடித்தபடி இருந்தார். ஒரு மாமி என்னிடம் வந்து, "நீங்களும் கையால கதைக்கிற ஆளாகா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நானும் இல்ல. இவ்வளவு நாளும் படிச்சிரிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரிஸ்வான் திரும்பி வந்து மௌலவியிடம் சொன்னார்: மருதமுனையில் பெண் வீட்டிலேயே இருப்பார். கல்முனைச் சந்தையில் வேலை கிடைக்கும்வரை, குருநாகல் கடைக்குப் போய்க் கிழமைக்கு ஒரு முறை வருவார். தறி இருக்கிற இடத்திலேயே இருக்கும். உம்மாவுக்குக் கோபம்தான், போகப் போகச் சரியாகும் என்றார். நவமணி அக்கா, உம்மாவின் கோபம் உட்பட, எல்லாவற்றையும் சொன்னார். பர்ஹானா கொஞ்சம் யோசித்தாள். பிறகு கையால் சொன்னாள், எல்லோருக்கும் விளங்கட்டும் என்று தலையையும் ஆட்டினாள். "ஓம் எண்டு சொல்றா" என்றபோது நவமணி அக்காவின் குரல் தளும்பியது. பர்ஹானாவுக்காகப் பேசியதில் அவருடைய சொந்தக் குரல் கலந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

நிக்காஹ் நடந்தது. புரியாணி ஆறிப்போயிருந்தது. பெரிய சஹனைச் சுற்றி ஐந்து பெண்களாக உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டோம். முதல் முறை என்பதால் எனக்குக் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர் இறைச்சித் துண்டுகளை என் பக்கம் தள்ளித் தள்ளி வைத்தார். நாங்கள் புறப்படும்போது ஹாஜியார் வாசலில் நின்றார். நவமணி அக்காவிடம், "அறைத் திறப்பக் குடுத்துட்டுப் போங்க" என்றார். அக்கா கைப்பையிலிருந்து மேல்மாடி வகுப்பறையின் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

ஓட்டோ பிடித்துப் பாண்டிருப்புக்குத் திரும்பினோம். வீட்டுக்கு வந்து முகம் கழுவிய பிறகுதான் நான் கேட்டேன், "அக்கா, பயமாக இருக்கவில்லையா?"

"பயந்தான். அறை போகும் எண்டு அவர் மெல்லக் கதைக்கக்குள்ளயே தெரியும். பதினொரு புள்ளையள். ஒரு புள்ளைக்காக மத்தப் புள்ளையளிட இடத்தக் குடுக்கலாமா எண்டு யோசிச்ச. மறுகா பாத்தா, இண்டைக்கு ஒரு சொல்ல மாத்தினா, நாளைக்கு அந்தப் புள்ளையள் என்ட கைய நம்பி என்னத்தப் படிக்கிற?"

இது வரமா அக்கா, என்று நேராகவே கேட்டுவிட்டேன். அதற்காகத்தானே வந்தேன்.

"எனக்கு அதெல்லாம் வடிவாச் சொல்லத் தெரியா. தம்பிக்குக் காது வரணும் எண்டு அம்மா முழங்கால்ல நிண்டு ஜெபம் பண்ணினா. வருஷக்கணக்காப் பண்ணினா. அவனுக்குக் காது வரல்ல. எனக்குக் கை வந்திச்சு. அம்மா அத ஆண்டவர் தந்த பதில் எண்டு கடைசிவரைக்கும் நினைக்கல்ல. நான் நினைக்கிறன்."

பதுளையில் நான் வைத்திருந்த குறிப்புகளில் வரம் என்பது ஒருவரிடம் இருக்கும் திறமை, அதை அவர் பிறருக்குக் கொடுக்கிறார் என்று எழுதியிருந்தேன். நவமணி அக்காவைப் பார்த்த பிறகு அந்த வசனம் சரியில்லை என்று பட்டது. சைகை மொழி திறமைதான், யாரும் கற்கலாம். திறப்பைக் கேட்டபோது ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக் கொடுத்ததை எங்கே கற்பது? கிருபை என்ற சொல்லை அந்த இடத்தில்தான் வைக்க வேண்டும் போலிருக்கிறது. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். வெள்ளிக்கிழமை மதியம் இறங்காதீர்கள், அல்லது என்னைப் போல சோடாவோடு காத்திருங்கள். கார்த்திகை, மார்கழியில் மழை வெள்ளம் வீதியை மறிக்கும். மாசியிலிருந்து புரட்டாசிவரை நல்லது. கல்முனையிலிருந்து மருதமுனை மூன்று நான்கு கிலோமீற்றர்தான், மட்டக்களப்பு பஸ் எதில் ஏறினாலும் இறங்கலாம். சேலை வாங்குவதென்றால் கடையில் வாங்குவதைவிடத் தறி இருக்கிற வீட்டில் கேட்டுப் பாருங்கள், காட்டுவார்கள். தோளையும் காலையும் மூடிய உடை, தலைக்கு ஒரு துணி கையில் இருந்தால் நல்லது. வீடுகளுக்குள் படம் எடுக்க முன் கேளுங்கள். நான் நிக்காஹ் வீட்டில் ஒன்றும் எடுக்கவில்லை, அதனால் இந்தப் பதிவில் படம் இல்லை. இங்கே வரும் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

ஞாயிறு மாலையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. காலையில் ஆராதனைக்குப் போய்வந்து, அக்காவும் நானும் வீட்டு விறாந்தையில் இருந்த கதிரைகளையும் சைக்கிளையும் முற்றத்துக்கு எடுத்தோம். பாய் விரித்தோம். வகுப்பு இனி இங்கே என்று அக்கா எல்லாத் தாய்மாருக்கும் செய்தி அனுப்பியிருந்தார். எத்தனை பேர் வருவார்கள் என்று அவருக்கே தெரியாது. நான்கு மணிக்கு எட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். மூன்று பேர் வரவில்லை. விறாந்தை கொள்ளவில்லை, இரண்டு பேர் படியில் இருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ரிஸ்வானும் பர்ஹானாவும். புது மாப்பிள்ளை பிள்ளைகளுக்கு நடுவில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர், சோறு, மீன், கடை என்று ஒவ்வொரு சொல்லாகக் கற்றார். பிழையாகச் செய்தபோதெல்லாம் பிள்ளைகள் சிரித்துச் சிரித்துத் திருத்தினார்கள். பர்ஹானா சற்றுத் தள்ளிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடியும் நேரம் ரிஸ்வான் குரலைத் தாழ்த்தி, "டீச்சர், 'இன்னும் கோவமா' எண்டு எப்படிக் கேக்கிற?" என்றார்.

நவமணி அக்கா காட்டினார். முகத்தையும் சேர்த்துச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அது கேள்வியாகாது என்று இரண்டு தரம் திருத்தினார். ரிஸ்வான் எழுந்து போய் பர்ஹானாவின் முன்னால் குந்தி, அதைச் செய்தார். பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு நீளமாக, மெதுவாக ஏதோ சொன்னாள்.

ரிஸ்வான் திரும்பி அக்காவைப் பார்த்தார். நானும்தான் பார்த்தேன், எனக்கும் அறிய ஆசை.

நவமணி அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "அவ உங்களுக்கெல்லோ சொன்ன" என்றார். "விளங்காட்டி இன்னொருக்காக் கேளுங்க. அவ சொல்லுவா."